'சீஸ்பிரசி' ஆவணப்படம்: குற்றச்சாட்டு சரி, கணக்குதான் உதைக்கிறது

நெட்ஃபிளிக்ஸில் 2021ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று வெளியான 'சீஸ்பிரசி', கடலுக்கு நேரும் கேடுகளில் முதலிடம் நெகிழிக் குழலுக்கோ எண்ணெய்க் கசிவுக்கோ உரியதன்று, தொழில்முறை மீன்பிடிப்புக்கே உரியது என்று வாதிடும் ஒன்றரை மணி நேர ஆவணப்படம். பிரிட்டனைச் சேர்ந்த அலி தப்ரிசி இதை இயக்கியதோடு, கதைசொல்லியாகத் தாமே திரையிலும் தோன்றுகிறார். கால்நடைத் தொழிலைப் பற்றி இதே பாணியில் முன்னர்ப் படமெடுத்த கிப் ஆண்டர்சன் இதைத் தயாரித்திருக்கிறார். வெளிவந்து ஆண்டுகள் சில ஆன பின்னும் படத்தின் செல்வாக்கு குறையவில்லை. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் மீன் சமைத்தால் தங்களுக்கு வேண்டாம் என்று அறிவிப்பதை நானறிந்த குடும்பங்களில் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பெற்றோருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரிவதில்லை; படம் சொல்வது பொய் என்று தள்ளவும் முடியவில்லை, முழுதாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது என்பதே என் மதிப்பீடு. இப்படம் சரியான குற்றவாளியைத்தான் கூண்டில் நிறுத்துகிறது. ஆனால் பாதிச் சாட்சியங்களை மிகைப்படுத்தி, தீர்ப்பைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிடுகிறது.

படம் செல்லும் வழி எளிது. கடற்கரையில் நெகிழி பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞர், ஜப்பானின் தைஜி ஊரில் ஓங்கில்கள் (டால்பின்கள்) கொல்லப்படுவதைப் படமெடுக்கச் செல்கிறார். அங்கிருந்து சூரை (டூனா) மீன் வணிகம், ஹாங்காங்கின் சுறாத் துடுப்புக் கடைகள், சூரை டப்பாவின் மேல் ஒட்டப்படும் 'ஓங்கிலுக்குத் தீங்கற்றது' என்ற முத்திரை, லைபீரியக் கடலில் திருட்டு மீன்பிடிப்பு, ஸ்காட்லாந்தின் சால்மன் பண்ணைகள், தாய்லாந்துப் படகுகளில் அடிமைத் தொழில் என்று நகர்ந்து, வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளின் திமிங்கில வேட்டையில் கடல்நீர் செந்நிறமாகும் காட்சிகளில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிறுவனம் பேட்டி தர மறுக்கும், அல்லது ஒருவர் கேள்விக்குத் தடுமாறுவார், உடனே இசை கனக்கும். மறைத்துவைத்த படக்கருவி, இரவில் ஓட்டும் கார், பின்தொடரும் காவலர்கள் என்று துப்பறியும் படத்தின் உத்திகள் அத்தனையும் கையாளப்பட்டிருப்பதால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. ஆவணப்படம் என்றாலே கொட்டாவி விடுகிறவர்களையும் இருக்கையில் பிடித்துவைத்திருக்கிறது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

படத்தின் உச்சம் தாய்லாந்துப் பகுதி. மீன்பிடிப் படகுகளிலிருந்து தப்பிவந்தவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் கரையைக் காணாமல் அடைபட்டுக் கிடந்ததையும் அடி உதைகளையும் சொல்லும் இடத்தில் மட்டுமே இயக்குநர் தம்மை ஒதுக்கிக்கொண்டு அவர்களைப் பேச விடுகிறார். இது மிகைப்படுத்தல் அன்று. 2015ஆம் ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா தீவில் கூண்டிலடைக்கப்பட்ட மியன்மார்த் தொழிலாளர்களைக் கண்டுபிடித்து எழுதியதன் விளைவாக 2,000க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். அந்தச் செய்தித் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் விருதும் கிடைத்தது. அதே 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு, மீன் இறக்குமதிக்குத் தடை வரலாம் என்று எச்சரிக்கும் மஞ்சள் அட்டை காட்டியது. சட்டங்களும் துறைமுகச் சோதனைகளும் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, 2019 ஜனவரியில்தான் அந்த எச்சரிக்கை விலக்கப்பட்டது. இந்தப் பின்பாதிக் கதை படத்தில் இல்லை. சீர்கேடு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த நெருக்குதல் ஓர் அரசை அசைத்தது என்ற செய்தி, எதுவுமே மாறாது என்ற படத்தின் தொனிக்கு ஒத்துவராததால் விடுபட்டுவிட்டதோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2048ஆம் ஆண்டுக்குள் கடல்கள் ஏறத்தாழ வெறுமையாகிவிடும் என்று படம் சொல்வதைத்தான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இது போரிஸ் வோர்ம் தலைமையிலான குழு 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு மீனினத்தின் பிடிப்பு அதன் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அது சரிந்துவிட்டதாகக் கொண்டு, அப்படிச் சரிந்தவற்றின் வீதத்தை ஒரு கோடாக எதிர்காலத்துக்கு நீட்டியபோது கிடைத்த ஆண்டு அது. மீன் பிடிபடவில்லை என்பதற்கு மீனே இல்லை என்று மட்டும் பொருளில்லை. சந்தை மாறியிருக்கலாம், அரசு தடை விதித்திருக்கலாம். இந்த மறுப்பை முன்வைத்த ரே ஹில்போர்னும் வோர்மும் பிறகு சேர்ந்தே உழைத்து, 2009இல் அதே இதழில் வேறொரு சித்திரத்தைத் தந்தனர்: ஆராய்ந்த மீனினங்களில் 63 விழுக்காடு மீட்கப்பட வேண்டிய நிலையில் இருந்தன, ஆனால் நன்கு ஆராயப்பட்ட பத்துக் கடற்பகுதிகளில் ஐந்தில் பிடிப்பு அழுத்தம் குறைந்துவருகிறது. எதிரெதிரே நின்ற இரு அறிவியலாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து கணக்கைத் திருத்திக்கொண்டது, திரையில் சொல்வதற்கு மிக அருமையான கதை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படம் அதை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே உரக்கச் சொல்கிறது.

வருத்தம் என்னவென்றால், மிகையில்லாத எண்களே போதிய அளவு அச்சமூட்டுபவை. ஐக்கிய நாட்டு உணவு, வேளாண் அமைப்பின் கணக்குப்படி, அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் கடல் மீனினத் தொகுதிகள் 1974இல் 10 விழுக்காடாக இருந்தன, 2021இல் 37.7 விழுக்காடாக உயர்ந்துவிட்டன. கடல் 2048இல் காலியாகும் என்று சொல்லிக் கேட்டவர், அது பிழையென்று அறிந்தவுடன் இந்த 37.7ஐயும் சேர்த்தே நம்பாமல் விட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் குப்பைத் திட்டைப் பற்றிய எண்ணில் இந்தச் சிக்கல் இல்லை. 2018இல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே மிதக்கும் நெகிழியின் எடையில் 46 விழுக்காடு மீன்பிடி வலைகளே. கைவிடப்பட்ட பிறகும் ஆளில்லாமல் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டிருக்கும் பேய்வலைகளைப் பொதுமக்கள் பேசவைத்தது இப்படத்தின் தனிப்பட்ட சாதனை என்றே சொல்வேன்.

வேண்டாமல் வலையில் சிக்கும் மீனைப் பற்றிய பகுதியை நம் வட்டாரத்தார் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகப் பிடிப்பில் 40 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தது என்றும், அதில் பெரும்பகுதி செத்த நிலையில் கடலிலேயே வீசப்படுகிறது என்றும் படம் உணர்த்துகிறது. அந்த 40 என்ற எண்ணுக்கு மூலமான 2009ஆம் ஆண்டுக் கட்டுரை, முறையான நிர்வாகத்துக்குள் வராத பிடிப்பு முழுவதையுமே 'வேண்டாப் பிடிப்பு' என்று வரையறுத்தது. உண்மையில் வீசப்படுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் டன், அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பது 2019இல் உணவு, வேளாண் அமைப்பு வெளியிட்ட கணக்கு.

இதைக் கேட்டு நிம்மதியடையவும் இடமில்லை. தென்கிழக்காசிய இழுவைப் படகுகளில் வீசப்படுவது குறைவாக இருப்பதற்குக் காரணம், இழுவை மடி என்னும் பெரிய வலையில் விழுந்த எதற்கும் இங்கே ஒரு விலை உண்டு என்பதே. வளர்ந்திருந்தால் நாளை விலைபோகக்கூடிய குஞ்சு மீன்களும் சேர்ந்தே மீன்தூள் ஆலைக்கும், பண்ணைகளில் கொடுவா, கலவா மீன்களுக்குத் தீனியாகவும் போகின்றன. நம் உணவங்காடி நிலையங்களில் மீனுருண்டையாகவும் மீன் கேக்காகவும் கிண்ணத்தில் மிதப்பது சுரிமி என்ற அரைத்த மீன்மா. அதற்குப் பெரிதும் பயன்படுவது இழுவை மடியில் பிடிபடும் சங்கரா வகை மீன்கள். அந்தத் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்தில் பரவியதில், தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் சிங்கப்பூர்க் கிளைக்கும் பங்குண்டு. பிடித்ததை வீணாக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் தொடங்கிய அம்முயற்சி, எதைப் பிடித்தாலும் விற்றுவிடலாம் என்ற துணிவையும் படகுக்காரர்களுக்குத் தந்தது. இப்படத்தின் திரைக்கதையில் இந்தக் கேட்டுக்கு இடமே இல்லை.

முத்திரைகளைப் பற்றிய பகுதி பாதி வெற்றி. 'ஓங்கிலுக்குத் தீங்கற்றது' என்ற முத்திரைக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பிரதிநிதியிடம், ஒவ்வொரு டப்பாவுக்கும் உறுதி தர முடியுமா என்று கேட்க, அவர் முடியாது என்று ஒப்புக்கொள்ளும் காட்சி பலமுறை பகிரப்பட்டது. தம் சொல் சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டது என்று அவர் பின்னர் மறுத்தார். கடலில் ஒவ்வொரு படகின் மேலும் ஒரு கண்காணிப்பாளரை நிறுத்த முடியாதபோது இந்த முத்திரைகள் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கிழக்குப் பசிபிக்கில் சூரை வலைகளில் சிக்கி மடிந்த ஓங்கில்களின் எண்ணிக்கை 1986இல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதையும், பன்னாட்டு உடன்பாடும் படகுக் கண்காணிப்பும் சந்தை நெருக்குதலும் சேர்ந்து அதை ஆயிரம் அளவுக்குக் கொண்டுவந்தன என்பதையும் மறைத்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி, பார்வையாளரை ஏமாற்றுகிறது. என்டியுசி ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் டப்பாவைக் கையில் எடுத்து முத்திரையைத் தேடுகிறவர் முட்டாள் என்ற எண்ணத்தைப் படம் விதைக்கிறது. அவர் முட்டாள் அல்லர். அவருக்குக் கிடைக்கும் தகவல் போதாது, அவ்வளவுதான்.

சுறாவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது, ஏனெனில் சிங்கப்பூருக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடிச் சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. துடுப்பு வணிகத்தில் மதிப்பளவில் ஹாங்காங்கை அடுத்து நிற்பது சிங்கப்பூர் என்று 2017இல் வெளியான அறிக்கை ஒன்று காட்டியது. ஃபேர்பிரைஸ் 2012இல் விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சரக்குப் பிரிவு 2014இல் ஏற்றிச்செல்வதை நிறுத்தியது. இருந்தும் வணிகம் நின்றுவிடவில்லை. படம் சீனத் திருமண விருந்தின் துடுப்புச் சூப்பையே சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பதால், தமிழ்ப் பார்வையாளர் இது அடுத்த வீட்டுச் சங்கதி என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாவும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சுறாப்புட்டும் நம் அடுப்பில்தான் வேகின்றன. 2022இல் பனாமா நகரில் கூடிய அழிநிலை உயிரின வணிக மாநாடு ரெக்வியம் சுறாக் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பால்சுறா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தேக்கா சந்தையில் மீன் வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சால்மன் பண்ணைப் பகுதி சுருக்கமானது. பேன் அரித்த மீன்களையும் குவியும் கழிவையும் காட்டிவிட்டு, பண்ணை மீன் மாற்றாகாது என்று முடித்துவிடுகிறது. உலகளவில் பண்ணை உற்பத்தி 2022இல் கடல், நன்னீர்ப் பிடிப்பை முதன்முறையாகத் தாண்டிவிட்ட நிலையில், ஜொகூர் நீரிணையில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கும் ஒரு நாட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது, இவ்வளவு பெரிய விவகாரத்தை ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு மீனை வைத்துத் தீர்த்துவிட்டார்களே என்றுதான் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய விடுபாடு சட்டத்தைப் பற்றியது. கடல் ஒரு காவலற்ற காடு, எந்த அரசாலும் எதுவும் ஆகாது, எனவே மீன் உண்பதை நிறுத்துவது ஒன்றே வழி என்று படம் முடிகிறது. மீன்பிடித் தொழிலுக்கு அரசுகள் ஆண்டுக்கு 3,500 கோடி அமெரிக்க டாலர் மானியம் தருகின்றன என்ற எண்ணைப் படமே குறிப்பிடுகிறது. அந்த மானியம் இல்லையென்றால் ஆழ்கடலில் மாதக்கணக்கில் சுற்றும் பல கப்பல்களுக்கு எரிபொருள் செலவுகூடக் கட்டுப்படியாகாது. அப்படியானால் மானியத்தை நிறுத்துங்கள் என்றல்லவா முடிக்க வேண்டும்? உலக வணிக அமைப்பு 2022 ஜூனில் அதற்கான உடன்பாட்டை ஏற்றது. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முழுமையானதன்று, ஆனாலும் தொடக்கம்.

இங்கே சிங்கப்பூரரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1982இல் கடற்சட்ட உடன்பாட்டை முடித்துவைத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் டாமி கோ. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடற்பகுதிகளின் உயிர்வளத்தைக் காக்கும் உடன்பாட்டுப் பேச்சை 2023 மார்ச் மாதம் நியூயார்க்கில் கரைசேர்த்தவர் சிங்கப்பூர்த் தூதர் ரெனா லீ; அவ்வுடன்பாடு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வணிக அமைப்பின் உடன்பாடும் இந்தப் பெருங்கடல் உடன்பாடும் படம் வெளிவந்த பிறகு நிறைவேறியவை என்பதால் இயக்குநரைக் குறைசொல்ல முடியாது என்பது உண்மையே. ஆனால் இந்தப் பேச்சுகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தன. ஒரு வரி அவற்றைப் பற்றிச் சொல்லியிருந்தால், படம் பார்த்து முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தட்டை ஒதுக்குவதைத் தவிர வேறு வேலையும் இருப்பது தெரிந்திருக்கும்.

படத்தின் தீர்ப்பில் எனக்குள்ள அடிப்படை முரண்பாடு, மீனவரைப் பற்றியது. லைபீரியாவில் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் கரையோரம் வரை வந்து அள்ளிச்செல்வதால் தோணிக்காரர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் படமே உருக்கமாகக் காட்டுகிறது. உலக மீன்பிடிப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு இத்தகைய சிறு மீனவருடையது. பிடிதொழிலில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அவர்களே. யாரும் மீன் உண்ணாதீர்கள் என்று சொல்லும்போது, அந்தத் தோணிக்காரரையும் கப்பல் முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தியாகிவிடுகிறது.

நமக்கு இந்த வேறுபாட்டைக் காண லைபீரியா வரை போக வேண்டியதில்லை, பாக் நீரிணை போதும். 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்கு வழிகாட்டிய பின், இறால் ஏற்றுமதியின் வருவாயை நம்பித் தமிழகக் கரையெங்கும் இழுவை மடி பரவியது. கடலடியைச் சீவிக்கொண்டு போகும் அந்த மடி, மீன் முட்டையிடும் புல்வெளியையும் விட்டுவைப்பதில்லை. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் சொல்கிறது. கட்டுமரக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் அது மீறப்படுவதாகப் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. எல்லைக்கு அப்பால், 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் கடலில் இறங்கிய வடஇலங்கைத் தமிழ் மீனவர், தங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் இராமேசுவரத்து விசைப்படகுகளை எதிர்த்துப் போராடினர். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தது. படகுகள் சிறைபிடிக்கப்படும் செய்தியைச் சிங்கப்பூரில் இருந்து படிக்கும் நாம் அதை இரு நாட்டுக் கடற்படைச் சிக்கலாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் அடியில் கிடப்பது, ஒரு தமிழ் மீனவரின் வலைக்கும் இன்னொரு தமிழ் மீனவரின் மடிக்கும் இடையிலான வழக்கு. கருவி எது, யார் கையில், எவ்வளவு நாள் என்று கேட்கத் தெரிந்தால்தான் இந்த வழக்கில் ஒரு கட்சியை எடுக்க முடியும். அந்தக் கேள்விகளைக் கேட்க 'சீஸ்பிரசி' பழக்குவதில்லை.

ஆக, பார்க்கலாமா? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். முதல் எழுபது நிமிடத்துக்காகவேனும். பேய்வலை, அடிமைத் தொழில், மானியம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் இவ்வளவு பேருக்குக் கொண்டுசேர்த்த படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசிரியர்கள் 2048 என்ற எண் வரும் இடத்தில் நிறுத்தி, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அவர்களையே தேடச் சொன்னால் ஒரு பாடவேளைக்கு அதுவே போதும். அதைவிடச் சிறியவர்களோடு பார்ப்பவர்கள் ஃபாரோ தீவுகளின் வேட்டை தொடங்கும்போது தாண்டிவிடலாம். இரத்தம் மிகுதி என்பது ஒருபுறமிருக்க, அந்தத் தீவினர் தங்கள் ஊர்த் தேவைக்காகக் கூடிச் செய்யும் வேட்டை, அதுவரை படம் பேசிவந்த பெருந்தொழிலைச் சேர்ந்ததே அன்று.